18 எழுத்துச் சங்கேதம்: நூர் இனாயத் கானின் வாழ்க்கை

பள்ளி விடுமுறைக்கு வாசுதேவநல்லூர் வீட்டில் பிள்ளைகள் கூடிவிட்டால் முதலில் காதில் விழுவது ‘க’ பாஷைதான். நான் வரேன் என்பது கநான் கவகரேன் ஆகிவிடும். பெரியவர்களுக்கு ஒன்றும் புரியாது என்பது அவர்கள் நினைப்பு. நாங்களும் இதே திண்ணையில் இதே பாஷையைப் பேசி வளர்ந்தவர்கள்தான் என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

கடை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு வேறொரு மறைமொழி உண்டு. ஜவுளிக்கடையில் துணியோடு தொங்கும் சீட்டைப் பாருங்கள். விற்கும் விலை எண்ணில் இருக்கும். அடக்க விலை எழுத்தில் இருக்கும். பத்து எழுத்துள்ள ஒரு சொல்லை முதலாளி மனத்தில் வைத்திருப்பார். முதல் எழுத்து ஒன்று, இரண்டாம் எழுத்து இரண்டு என்று கணக்கு. பேரம் பேசும்போது எவ்வளவு குறைக்கலாம் என்பது கடைப்பையனுக்குத் தெரியும், வாங்க வந்தவருக்குத் தெரியாது. பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வதைக் குழூஉக்குறி என்ற பெயரில் நம் பழைய இலக்கண உரைகள் குறித்து வைத்திருக்கின்றன. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசும் விலையும் இந்த வகைதான். நம் வீடுகளில் கதவிலும் கடைப்பலகையிலும் காணும் 786கூட எழுத்தை எண்ணாக்கிய கணக்குதான். பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்கு அப்ஜத் முறையில் மதிப்புப் போட்டுக் கூட்டினால் அந்த எண் வரும். அதை எழுதுவது சரியா இல்லையா என்பது வேறு விவாதம்.

லண்டனில் சேரிங் கிராஸ் சாலை 84ஆம் எண்ணில் ஒரு பழைய புத்தகக் கடை இருந்தது. அதன் உரிமையாளர்களில் ஒருவர் நம் ஊர் வியாபாரிகளைப் போலவே புத்தகத்தில் அடக்க விலையை எழுத்துகளில் குறித்துவைப்பார். அவருடைய எட்டு வயது மகன் உட்கார்ந்து யோசித்து அந்தக் குறியை உடைத்துவிட்டான். அந்தச் சிறுவன் பெயர் லியோ மார்க்ஸ். இரண்டாம் உலகப் போரின்போது, எதிரி நாடுகளுக்குள் ஆள் அனுப்பி வேலை செய்த பிரிட்டிஷ் இரகசிய அமைப்பின் சங்கேதப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். இருபது சொச்சம் வயதுதான். 1943இல் அவரிடம் சங்கேதம் பயில வந்த ஒரு பெண்ணின் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன். திப்பு சுல்தானின் வழித்தோன்றலான நூருன்னிஸா இனாயத் கான்.

வழித்தோன்றல் என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு வீரமரணம் அடைந்தபின், அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் கம்பெனியார் நம் வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 அதிகாலை வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து திப்புவின் கொடியைக் கோட்டையில் ஏற்றினார்கள். அது அடக்கப்பட்டதும், இனி இவர்களைத் தெற்கே வைத்திருக்கக்கூடாது என்று முடிவெடுத்துத் திப்புவின் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். குடும்பம் சிதறியது. திப்புவின் பேத்தி ஒருவர் மௌலா பக்‌ஷ் என்ற பெரும் இசைக்கலைஞரை மணந்தார் என்பது அந்தக் குடும்பத்தின் வரலாறு. பரோடா அரசவையில் புகழ்பெற்றவர் அவர். அவருடைய மகள்வழிப் பேரன் 1882இல் பரோடாவில் பிறந்த இனாயத் கான். வீணை வாசிப்பவர், பாடகர், சூஃபி. 1910இல் மேற்கு நாடுகளுக்குப் புறப்பட்டார். அமெரிக்காவில் சந்தித்த ஓரா ரே பேக்கர் என்ற பெண்ணை மணந்தார். அவர் அமீனா பேகம் ஆனார்.

இவர்களின் மூத்த மகள் நூர் 1914 ஜனவரி 1 அன்று மாஸ்கோவில் பிறந்தார். அவருக்குப் பின் விலாயத், ஹிதாயத் என்று இரண்டு தம்பிகள், கைருன்னிஸா என்ற தங்கை. முதல் உலகப் போர்க்காலத்தில் குடும்பம் லண்டனில் இருந்தது. பிறகு பாரிஸுக்கு அருகே சுரேன் என்ற ஊரில் ஒரு வீடு கிடைத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஃபஸல் மன்ஸில். இனாயத் கானின் சூஃபி வழியைப் பற்றி நம்மவர்களிடையே பலவிதமான கருத்துகள் உண்டு. இந்தக் கட்டுரை அதற்குள் போகவில்லை.

1927 பிப்ரவரியில், இந்தியாவுக்கு வந்திருந்த இனாயத் கான் டெல்லியில் காலமானார். நூருக்கு வயது 13. தாய் துக்கத்தில் அறைக்குள் முடங்கிவிட்டார். மூன்று பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண்ணின் தலையில் விழுந்தது. நம் வீடுகளில் வாப்பா போனபின் மூத்த மகள்கள் எப்படி ஒரே நாளில் வளர்ந்துவிடுகிறார்களோ, அப்படித்தான். அதற்கிடையிலும் சோர்போன் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் படித்தார். பியானோவும் யாழ் போன்ற ஹார்ப்பும் கற்றார். வீணையும் கைவந்தது. குழந்தைகளுக்காகக் கதை எழுதினார். பாரிஸ் வானொலியில் அவை ஒலித்தன. 1939இல் புத்த ஜாதகக் கதைகளிலிருந்து இருபதைத் தேர்ந்து சிறுவர்களுக்காக அவர் எழுதிய புத்தகம் லண்டனில் வெளியானது. மெல்லிய குரல், எளிதில் கலங்கும் கண், பொய் சொல்லத் தெரியாத சுபாவம். இந்தக் கடைசிக் குணம் பின்னால் பெரிய பேச்சாகப் போகிறது.

1940 ஜூனில் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியது. குடும்பம் தப்பி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அகிம்சையில் ஊறிய வீட்டில் வளர்ந்த அக்காளும் தம்பி விலாயத்தும் உட்கார்ந்து யோசித்தார்கள். கொல்ல விருப்பமில்லை, ஆனால் நாஜிகளின் அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது. ஆபத்தான வேலையாக இருக்கட்டும், ஆனால் துப்பாக்கியால் ஆளைக் கொல்லும் வேலை வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் நூர் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். பதிவேட்டில் நோரா பேக்கர் என்று எழுதிக்கொண்டார். அங்கே ரேடியோவும் மோர்ஸ் தந்தியும் படித்தார்.

திப்புவைக் கொன்றவர்களின் படையில் திப்புவின் வாரிசா என்று நமக்குத் தோன்றும். அவருக்கும் அது தெரியாமல் இல்லை. அதிகாரி பதவிக்கான நேர்காணலில் இந்திய விடுதலை பற்றிக் கேட்டபோது, போர் நடக்கும்வரை பிரிட்டனுக்கு உண்மையாக இருப்பேன், முடிந்தபின் என் நாட்டின் விடுதலையின் பக்கம் நிற்பேன் என்ற பொருளில் ஒளிக்காமல் சொல்லிவிட்டு வந்தார். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாராம். போகவில்லை. பிரெஞ்சு தாய்மொழிபோல் வரும், ரேடியோ தெரியும் என்பதால் 1943 தொடக்கத்தில் இரகசிய அமைப்பு அவரை எடுத்துக்கொண்டது.

இங்கே சங்கேதம் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளை அருகில் உட்காரவைத்துப் படித்தால் நல்லது.

எழுத்துக்குப் பதில் வேறு எழுத்து போடும் சங்கேதம் மிகப் பழையது. அதை உடைக்கும் வழியை எழுத்தில் முறையாக விளக்கியவர்களில் நமக்குத் தெரிந்த முதல்வர் கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-கிந்தி. எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில எப்போதாவது வரும். மறைசெய்தியில் எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அது அந்த மொழியில் அதிகம் வரும் எழுத்தாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அங்கிருந்து ஒவ்வொன்றாக அவிழ்க்கலாம். அவர் இதை எழுதிய ஏடு பல நூற்றாண்டுகள் கண்ணில் படாமல் கிடந்து, 20ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல் நூலகத்தில் மீண்டும் கிடைத்தது. இன்று பத்திரிகைப் புதிர் போடுகிறவரும் இந்த வழியில்தான் போகிறார். ‘க’ பாஷையை உடைப்பதும் இதே கதைதான்; எது அளவுக்கு மீறி வருகிறதோ அதைத் தூக்கிவிட்டால் போதும்.

எண்ணிப் பார்த்து உடைக்க முடியாத வகை ஒன்று உண்டு. அதில் எழுத்து மாறாது, இடம்தான் மாறும். ‘தென்காசி’ என்பதைச் சாவிச் சொல்லாக வைத்துக்கொள்வோம். தெ, ன், கா, சி என நான்கு எழுத்து. அகர வரிசையில் க முதலில், ச அடுத்து, த பிறகு, ன கடைசியில். ஆகவே கா-வுக்கு 1, சி-க்கு 2, தெ-க்கு 3, ன்-க்கு 4 என்று எண் போடுங்கள். அதன் கீழே, நாளை இரவு நான் வருகிறேன் என்ற செய்தியை வரிசைக்கு நான்கு எழுத்தாக எழுதுங்கள். மூன்று வரிசை வரும். இப்போது குறுக்கே படிக்காமல், 1 என்ற எண்ணுள்ள நிரலை மேலிருந்து கீழாகப் படியுங்கள். பிறகு 2, 3, 4. கிடைப்பது: இன்றே ரவன் நாவுரு ளைநாகி. நாளை வருகிறேன் என்று எழுதிய செய்தியின் முதல் மூன்று எழுத்து இன்றே என்று வந்து நிற்கிறது பாருங்கள்! நானும் தாளில் போட்டுப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். சாவி தெரிந்தவருக்கு அரை நிமிடத்தில் விளங்கும். தெரியாதவர் எழுத்தை எண்ணிப் பயனில்லை.

அந்த அமைப்பின் ஆட்கள் பயன்படுத்தியது இதன் பெரிய வடிவம். ஒவ்வொருவருக்கும் ஒரு கவிதை மனப்பாடமாகத் தெரியும். அதே கவிதை லண்டனிலும் இருக்கும். செய்தி அனுப்பும்போது கவிதையிலிருந்து ஐந்து சொற்களைத் தேர்ந்து சேர்த்துச் சாவியாக்கி, ஒரு முறை இடம் மாற்றிய எழுத்துகளை மறுபடியும் ஒரு முறை மாற்றுவார்கள். எந்த ஐந்து சொல் என்பதைச் செய்தியின் தொடக்கத்தில் ஒரு சிறு குறி காட்டிக்கொடுக்கும். கையில் எந்தத் தாளும் வேண்டாம் என்பது இதன் வசதி. ஆபத்தும் அதுவேதான். பிடிபட்டவரை அடித்துக் கவிதையை வாங்கிவிட்டால் பழைய செய்தி, புதிய செய்தி எல்லாம் எதிரிக்குத் திறந்துவிடும்.

வேறு தொல்லையும் இருந்தது. பயத்திலும் அவசரத்திலும் எழுதும் ஆள் ஒரு எழுத்தை இடம் மாற்றி எண்ணிவிட்டால் லண்டனில் செய்தி வெறும் குப்பையாகத்தான் விழும். திரும்ப அனுப்பு என்று சொன்னால், அவர் மறுபடி ரேடியோவைத் திறக்க வேண்டும். ஜெர்மானியரின் திசைகாட்டி வண்டிகள் அலையைப் பிடித்து வீட்டைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே மார்க்ஸ் இளம்பெண்கள் பலரை உட்காரவைத்து, எழுத்து எங்கே தவறியிருக்கும் என்று ஆயிரக்கணக்கான வழிகளில் போட்டுப் பார்க்கச் செய்தார். நாம் பொழுதுபோக்காகப் போடும் புதிர் அந்தப் பெண்களுக்கு ஓர் உயிரைக் காக்கும் வேலை.

பிடிபட்டவர் தெரிவிக்கவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். செய்திக்குள் முன்பே பேசிவைத்த ஒரு சிறு தவறு வர வேண்டும். அது வராவிட்டால் ஆள் எதிரியின் கையில் என்று பொருள். நூருக்கு மார்க்ஸ் தனியாக இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். பயிற்சியாளர்களில் சிலர் இந்தப் பெண் இந்த வேலைக்கு ஆகாது என்று எழுதியிருந்தார்கள். பொய் சொல்லக் கூசுகிறார், மனம் இளகியவர், பதற்றப்படுகிறார் என்றெல்லாம். மார்க்ஸ் அவரைச் சந்திக்கும் முன் அவருடைய ஜாதகக் கதைப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுப் போனார். இப்படி எழுதுகிறவரை எந்த வழியில் அணுகுவது என்று அவருக்குப் பிடிபட்டது. ஐந்து சொற்களைச் சேர்க்கும்போது சாவி எத்தனை எழுத்தாக வேண்டுமானாலும் வரட்டும், 18 மட்டும் வரவே கூடாது. பிடிபட்டால் மட்டும் 18 எழுத்துச் சாவியைப் பயன்படுத்து. பொய் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மானியருக்கு எதுவும் தெரியாது. லண்டனில் ஒருவருக்குத் தெரிந்துவிடும்.

1943 ஜூன் 16 இரவு, நிலா வெளிச்சத்தில், சிறு லைசாண்டர் விமானம் ஒன்று நூரைப் பிரான்சின் ஒரு வயல்வெளியில் இறக்கியது. அந்த இரவு வந்திறங்கிய டயானா ரௌடன், சிசிலி லெஃபோர்ட் என்ற மற்ற இரு பெண்களும் பின்னாளில் நாஜி முகாம்களில் கொல்லப்பட்டார்கள். நூருக்கு ஊரில் பெயர் ஜான் மரீ ரெனியே. ரேடியோவில் பெயர் மேட்லின். நாஜிகள் பிடித்துவைத்திருந்த பாரிஸுக்கு இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட முதல் பெண் ரேடியோ இயக்குநர் அவர்.

அவர் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், பாரிஸில் இயங்கிவந்த பெரிய குழு சரிந்தது. தலைவரிலிருந்து வரிசையாகக் கைது. லண்டன் அவரைத் திரும்பி வரச் சொன்னது. பாரிஸில் மிஞ்சியிருக்கும் ஒரே ரேடியோ என்னுடையதுதான், நான் வந்துவிட்டால் இங்கே இருப்பவர்களுக்கு நாக்கே இல்லை என்று சொல்லித் தங்கிவிட்டார். பொதுவாக அந்த வேலையில் ஆறு வாரம் தாங்கினால் பெரிது என்று கணக்கிட்டிருந்தார்கள். நூர் ஏறக்குறைய நான்கு மாதம் தாக்குப்பிடித்தார். 15 கிலோ எடையுள்ள ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு மாறி வீடு, முடியின் நிறத்தை மாற்றி, சில நிமிடங்களுக்கு மேல் ஓரிடத்தில் பேசாமல். ஒரு முறை மெட்ரோ ரயிலில் இரண்டு ஜெர்மானியச் சிப்பாய்கள் பெட்டியில் என்ன என்று கேட்க, சினிமாக் கருவி என்று சொல்லித் திறந்தும் காட்டித் தப்பினார். மற்றொரு முறை மரத்தில் ஏரியல் கம்பியைக் கட்டத் திணறியபோது, பக்கத்தில் குடியிருந்த ஜெர்மானியர் ஒருவர், இந்தப் பெண் வானொலியில் பாட்டுக் கேட்கத்தான் இப்படிச் சிரமப்படுகிறாள் என்று நினைத்துத் தானே கட்டிக்கொடுத்தார் என்றும் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பொய் சொல்லத் தெரியாத பெண்!

ஒரு பெரிய பிழை நடந்தது. அனுப்பிய செய்தி, வந்த செய்தி எல்லாவற்றையும் சங்கேதத்திலும் தெளிவான வாசகத்திலும் ஒரு நோட்டில் எழுதிவைத்தார் நூர். எழுதியதை எரித்துவிட வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம். உத்தரவில் இருந்த ஒரு சொல்லை, செய்திகளைச் சேர்த்துவை என்று தவறாகப் பொருள் கொண்டுவிட்டார் என்பது பின்னால் ஆராய்ந்தவர்கள் தரும் விளக்கம். பயிற்சியைப் பாதியில் நிறுத்தி அவசரமாக அனுப்பியதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். இது நூரின் பிழையே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் இந்தப் பிழையை மட்டும் சொல்லிவிட்டு அடுத்து நடந்ததைச் சொல்லாமல் விடுகிறவர்கள் அவருக்கு நியாயம் செய்யவில்லை.

அக்டோபர் நடுவில், தெரிந்தவர் யாரோ காசுக்குக் காட்டிக்கொடுக்க, நூர் தன் அறையிலேயே பிடிபட்டார். கடித்தும் உதைத்தும் போராடியவரை ஓர் ஆளால் அடக்க முடியவில்லை. அவென்யூ ஃபோஷ் 84ஆம் எண் கட்டடம்தான் பாரிஸில் ஜெர்மன் உளவுப்படையின் தலைமையகம். மார்க்ஸின் தந்தை கடைக்கும் இதே எண்தான். தற்செயல் என்றாலும் மனம் அங்கே போய் நிற்கிறது. கொண்டுபோன சிறிது நேரத்தில் குளிக்க வேண்டும் என்று கேட்டுக் குளியலறை ஜன்னல் வழியே கூரை விளிம்பில் இறங்கினார். பிடித்தார்கள். நவம்பர் 25 இரவு, அங்கே அடைபட்டிருந்த வேறு இரண்டு பேரோடு சேர்ந்து ஜன்னல் கம்பியை அகற்றிக் கூரைக்கு ஏறினார். அந்த நேரம் பார்த்து விமானத் தாக்குதல் எச்சரிக்கை ஒலித்தது. அப்படி ஒலித்தால் கைதிகளை எண்ணிப் பார்ப்பது அங்கே வழக்கம். மறுபடியும் பிடிபட்டார். இனித் தப்பிக்க முயலமாட்டேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். அங்கே தலைவராக இருந்த கீஃபர், போர் முடிந்து விசாரணைக்கு வந்தபோது, இந்தப் பெண்ணிடமிருந்து பயனுள்ள ஒன்றையும் பெற முடியவில்லை, தொடர்ந்து பொய்யே சொன்னார் என்று வாக்குமூலம் கொடுத்தார்.

வாய் திறக்கவில்லை, ஆனால் நோட்டு அவர்கள் கையில். ரேடியோவும் அவர்கள் கையில். நூரைப் போலவே ஜெர்மானியர் லண்டனோடு பேசத் தொடங்கினார்கள். அப்படி வந்த செய்தி ஒன்றை அவிழ்த்தபோது சாவியின் எழுத்துகளை எண்ணிப் பார்த்து மார்க்ஸ் திடுக்கிட்டார். பதினெட்டு. பல ஆண்டுகள் கழித்து, 1998இல் வெளியான தன் நினைவு நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். மேலே இருந்தவர்களிடம் சொன்னார். அவர்களோ நம்ப விரும்பவில்லை. மேட்லினிடமிருந்து செய்தி வருகிறது, ஆகவே மேட்லின் நலமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் அந்த ரேடியோவோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அது கேட்ட ஆயுதத்தையும் பணத்தையும் ஆட்களையும் விமானத்தில் அனுப்பினார்கள்.

சங்கேதம் தோற்றது என்று பலர் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவிதை, எண், இடமாற்றம் எல்லாம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தன. 18 என்ற எச்சரிக்கை கடலைத் தாண்டி, பகைவன் கையாலேயே, போய்ச் சேர வேண்டிய மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. படித்தவர் ஒருவர் இருந்தார். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

1944 பிப்ரவரி கடைசியில், நூர் சார்ந்திருந்த குழுவுக்கென்று மூன்று பேர் பாராசூட்டில் இறங்கினார்கள். கீழே வரவேற்க நின்றவர்கள் ஜெர்மானியர். அந்த மூவரில் ஒருவர் மேட்லின் டாமர்மான் என்ற இளம்பெண். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நூரை 1943 நவம்பர் கடைசியில் ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரின் சிறையில் தனி அறை. தப்பிக்கப் பார்க்கிறவர் என்பதால் கையிலும் காலிலும் விலங்கு. யாரோடும் பேச்சில்லை. இருக்கிறாரா இறந்தாரா என்பதே வெளியே தெரியக்கூடாத கைதிகளின் பட்டியலில் அவர் பெயர். இப்படி ஏறக்குறைய பத்து மாதம். பெருநாள் வந்து போயிருக்கும், ரமளானும் வந்திருக்கும். அந்த அறைக்குள் எந்த மாதம் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதுகூட நமக்குத் தெரியாது.

1944 செப்டம்பரில் ஒரு நாள் அவரை வெளியே கொண்டுவந்து ரயிலில் ஏற்றினார்கள். கூடவே யோலண்ட் பீக்மன், எலியான் ப்ளூமன், முன்பு சொன்ன மேட்லின் டாமர்மான். நூரின் ரேடியோவை வைத்து விரித்த வலையில் விழுந்த பெண்ணும் நூரும் ஒரே பயணத்தில். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நான் பல முறை நினைத்துப் பார்த்ததுண்டு. செப்டம்பர் 13 விடியலில் டாக்காவ் முகாமில் நால்வரையும் சுட்டுக் கொன்றார்கள். நூருக்கு வயது 30.

போர் முடிந்தபின் காணாமல் போனவர்களைத் தேடி வீரா அட்கின்ஸ் என்ற பெண் அதிகாரி ஜெர்மனி முழுவதும் அலைந்தார். நூர் 1944 ஜூலையிலேயே வேறொரு முகாமில் கொல்லப்பட்டார் என்ற முடிவுக்குத்தான் முதலில் வந்தார்கள். 1949 ஏப்ரலில் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருதை அறிவித்தது; பிரான்சும் தன் வீரப்பதக்கத்தை அளித்தது. லண்டன் கோர்டன் சதுக்கத்தில் 2012 நவம்பர் 8 அன்று அவருடைய சிலை திறக்கப்பட்டது.

ஜூலையில் இறந்தார் என்ற அந்த முதல் முடிவைத் திருத்தியது ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் இருந்து உயிர் தப்பிய பிரெஞ்சுப் பெண்களின் சாட்சியம். பக்கத்து அறைகளில் இருந்த அவர்களோடு நூர் பேச ஒரே ஒரு வழி இருந்தது. சாப்பாட்டுப் பாத்திரங்கள் எல்லா அறைகளுக்கும் மாறி மாறிப் போகும். பாத்திரத்தின் அடியில் கூரான எதையோ வைத்துக் கீறி எழுதினால், அடுத்த வேளை வேறொருவர் கைக்கு அது போய்ச் சேரும். பதில் எழுதினால் திரும்பி வரும். விலங்கிட்ட கையால் அப்படி அவர் கீறிய ஒரு செய்தியில் கவிதையும் இல்லை, சாவியும் இல்லை. நோரா பேக்கர் என்ற பெயரும், லண்டன் டாவிட்டன் தெரு 4ஆம் எண் என்ற வீட்டு முகவரியும்தான். பிரான்சுக்குப் புறப்படும்வரை அவருடைய குடும்பம் குடியிருந்த வீடு அது. 2020 ஆகஸ்டில் அந்த வீட்டுச் சுவரில் அவர் பெயரைப் பொறித்த நீலப் பலகையைப் பதித்தார்கள்.